பீரோவில் வைத்த விதை

அந்தக் கொடியின் பேர் எங்கள் வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்குப் பேச்சு வரவில்லை.

என் மனைவியைச் சொல்கிறேன். போன சித்திரையில் ஒரு காலை, இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே சரிந்தாள். பக்கவாதம். மதுரைக்குக் கொண்டுபோய் மூன்று வாரம் வைத்திருந்து உயிரோடு திரும்பக் கூட்டிவந்தேன். வலது கையும் வலது காலும் பாதிக்குப் பாதி விழுந்துவிட்டன. பேச்சு முழுசாகப் போய்விட்டது. நாம் சொல்வது அவளுக்குப் புரியும், அவள் சொல்ல நினைப்பதும் மனசுக்குள் தெளிவாகத்தான் இருக்கும், வார்த்தைதான் வாய்க்கு வந்து சேராது என்று டாக்டர் விளக்கினார். முப்பத்து மூன்று வருஷமாக இந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தவள் அவள்தான். நான் 'ம்' கொட்டுகிற ஆள்.

நான் பத்தர். காரைக்குடியில் செக்காலை ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் வீடு, முன்னறைதான் பட்டறை. அறுந்த சங்கிலியைப் பற்றவைப்பேன், தோட்டுக்குக் கல் வைப்பேன், பிள்ளைகளுக்குக் காது குத்துவேன். அவள் பலகாரம் சுடப் போவாள். செட்டியார் வீட்டுக் கல்யாணம் என்றால் பத்து நாளைக்கு முன்பே ஆள் வந்துவிடும். அதிரசமும் மணகோலமும் அவள் கை பட்டால்தான் சரியாக வரும் என்று சொல்கிற ஆச்சிமார் உண்டு. போன இடத்தில் செடியோ விதையோ எது கண்ணில் பட்டாலும் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுவாள். கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றி எண்ணெய் டின்னிலும் உடைந்த குடத்திலும் ஏதாவது முளைத்துக்கொண்டே இருக்கும். எது என்ன என்று நான் கேட்டதில்லை. குழம்பில் வந்தால் தின்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இறங்க முடியாது என்பதில்லை. பிடித்துக்கொண்டால் நிற்கலாம், இரண்டு எட்டு வைக்கலாம் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். அவள் தலை தெரிந்ததும் இவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கோயிலுக்குப் போகலாம் வா என்றேன், பேரனை வீடியோவில் காட்டுகிறேன் உட்கார் என்றேன், கெஞ்சினேன், ஒருநாள் கத்தவும் செய்தேன். எதற்கும் அசையவில்லை. முதல் ஆறு மாசத்தில் எவ்வளவு நடக்கிறார்களோ அவ்வளவுதான் பிறகு மிஞ்சும் என்று அந்தப் பெண் வந்த நாளெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள்.

வைகாசியில் ஒரு கோடைமழை பெய்தது. அதற்கு நாலைந்து நாள் கழித்து, கட்டிலில் இருந்தபடியே கொல்லைக்கதவு வழியாக எதையோ பார்த்தவள், இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். சோறு பிசைந்துகொண்டிருந்த கையோடு ஓடினேன். அவள் என்னைப் பிடித்துக்கொண்டு நின்று, வலது காலை இழுத்து இழுத்து, வாசல்படி தாண்டி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் தொட்டிவரைக்கும் போனாள். இருபத்திரண்டு எட்டு. விழுவதற்கு முன்னால் அவள் ஏதோ விதை ஊன்றிவைத்த தொட்டி அது. அதில் ஒரு முளை, இரண்டு இலை விரித்து நின்றது. அதைப் பார்த்து என் மனைவி சிரித்தாள். வாயின் ஒரு பக்கம்தான் ஏறியது. ஆனால் அது சிரிப்புத்தான்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். காலையில் ஒரு தடவை, வெயில் தாழ ஒரு தடவை. இடது கையால் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவாள், இலையைத் தடவுவாள், கொஞ்சநேரம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். பக்கத்தில் இருக்கிற மல்லிகையையும் கறிவேப்பிலையையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பயிற்சி கொடுக்கிற பெண் இரண்டு நாள் இதைக் கவனித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஐயா, அவுக காலு அந்தச் செடியிலதான் இருக்கு. நீங்க எதை விட்டாலும் அதை மட்டும் காயவிட்றாதீக" என்றாள்.

சரி, காயவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது என்ன செடி? ஒரு முழம் வளர்ந்ததும் கொடி என்று தெரிந்தது, கயிறு கட்டிவிட்டேன். எத்தனை நாள் இருக்கும், எப்போது பட்டுப்போகும், பட்டால் மறுபடி எங்கே கிடைக்கும்? பேர் தெரிந்தால் எங்கேயாவது விதை வாங்கி வைத்துவிடலாம். அவளிடமே கேட்டேன். வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, ஒன்றும் வரவில்லை. இடது கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் விடு என்றேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் அந்த விதையைக் கொண்டுவந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாசி மாதம், ஏதோ கல்யாண வீட்டு வேலை முடிந்து வந்தவள் நேரே பட்டறைக்குள் வந்து, என் முன்னால் குனிந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நான் ஊதுகுழலை வாயில் வைத்து ஒரு சங்கிலிக் கண்ணியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். தீயிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அவள் அது என்ன விதை, யார் கொடுத்தது, எந்த ஊரிலிருந்து வந்தது, எப்படிச் சமைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். நான் ஊதுகுழலுக்கு நடுவில் 'ம்' என்றேன். ஒரு சொல் காதில் ஏறவில்லை. அன்றைக்கு அவள் சொன்னதில் அந்தப் பேரும் இருந்திருக்கும். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஆனபடியால் நானாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தெரிந்த கொடி ஒவ்வொன்றாகச் சொல்வேன், அவள் தலையாட்ட வேண்டும். "அவரையா?" இல்லை. "மொச்சையா?" இல்லை. "சிறகவரை?" இல்லை. "தட்டாங்காயா?" என்னை ஒரு பார்வை பார்த்தாள். தட்டாங்காய்க் கொடிகூடத் தெரியாத மனுஷனையா இத்தனை வருஷம் கட்டிக்கொண்டு அழுதேன் என்கிற பார்வை. பேச்சுத்தான் போயிருந்தது, அது போகவில்லை. எனக்குத் தெரிந்த கொடிகள் ஏழெட்டுத்தான். அதோடு தீர்ந்துவிட்டது.

கோயம்புத்தூரில் இருக்கிற மகள், செடியைப் படம் பிடித்து அனுப்பினால் போன் பேர் சொல்லிவிடும் என்றாள். அனுப்பினேன். முதல் நாள் ஒரு காட்டுப்பயறு என்றது. மறுநாள் வேறு இலையை எடுத்து அனுப்பினேன். வாயில் நுழையாத இன்னொரு பேர் சொன்னது. மூன்றாம் நாள், பின்னால் காய்ந்துகொண்டிருந்த பூப்போட்ட சேலையும் சேர்ந்து படத்தில் விழுந்துவிட்டது. ஏதோ ரோஜா வகை என்று சொல்லிவிட்டது.

"அப்பா, பூத்தாத்தான் சரியாச் சொல்லுமாம்" என்றாள் மகள்.

"பூத்தா நானே சொல்லிருவேன்" என்றேன் கோபமாக. அதுவும் பொய் என்று பிறகு தெரிந்தது.

நர்சரி வைத்திருக்கிற ஒருவரிடம் இலையைக் கொண்டுபோனேன். வாங்கி ஒரு திருப்புத் திருப்பினார். "அவரைதாண்ணே. நாட்டு அவரை. கன்னு இருக்கு, தரட்டுமா?" என்றார். இது இல்லையாம் என்றேன். "யாரு சொன்னா?" என் மனைவி என்றேன். "அப்ப அவுககிட்டயே கேளுங்களேன், ஏன் இங்குட்டு வாரீக?" என்றார். அவர்மேல் தப்பில்லை. விவரம் தெரியாமல் கேட்டார். இலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னிடம் தோடு செப்பனிட வருகிற ஒரு அம்மா கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறார். அவரிடமும் காட்டினேன். பட்டறையில் இருந்த என் பூதக்கண்ணாடியையே வாங்கி இலையின் நரம்பு, ரோமம், காம்பு எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். "அவரைக் குடும்பம். அது நிச்சயம்" என்றார். அவ்வளவுதானா என்று கேட்டேன். ஆசாரி குடும்பம் என்று மட்டும் சொன்னால் தச்சரா, கொல்லரா, கொத்தரா, பத்தரா என்று எப்படித் தெரியும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். பூத்ததும் பூவோடு வாருங்கள், ஆனால் வெளிநாட்டு வகையாக இருந்தால் நானும் சொல்ல முடியாமல் போகலாம், தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன் என்றார். போகும்போது நின்று, "விதை எடுக்குறதா இருந்தா காய் கொடியிலயே காயணும். ஆட்டினா உள்ள சலசலன்னு சத்தம் கேக்கணும். அதுக்கு முன்னாடி பறிச்சிராதீங்க" என்றார். அதற்கும் நான் 'ம்' என்றுதான் சொன்னேன்.

மாசியில் அவள் வேலைக்குப் போன கல்யாண வீடு இளையாத்தங்குடியில் என்பது ஒரு வழியாக நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவை இவளுக்குத் துணைக்கு வைத்துவிட்டு பஸ் ஏறினேன். இரண்டு தெருவுக்கு நீண்ட பெரிய வீடு. பூட்டியிருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் கொல்லைவாசல் வழியாக வந்தார். கல்யாணம் முடிந்த கையோடு அந்த வீட்டு ஆச்சி சென்னைக்குப் போய்விட்டார்களாம். வீட்டைச் சுற்றுலா வருகிறவர்கள் தங்குவதற்கு விடப்போகிறார்கள் என்றார். கொல்லையில் கொடி ஏதும் இருந்ததா என்று கேட்டேன். "இருந்துச்சு, என்னென்னமோ படர்ந்து கெடந்துச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டுக் கல்லுப் பதிச்சாச்சு. அங்குட்டுப் பாருங்க" என்றார். பார்த்தேன். சுவரிலிருந்து கிணறுவரைக்கும் சிவப்பும் சாம்பலுமாகச் சிமெண்ட் கல். ஒரு புல் முளைக்க வழியில்லை.

மனசு கேட்காமல் அவரையே ஆச்சிக்குப் போன் போடச் சொன்னேன். நல்ல மனுஷி. நான் இன்னார் என்று சொன்னதும் அதிரசத்தைத்தான் முதலில் நினைத்துக்கொண்டார். "விதையா? நான் குடுக்கலையே. சமையலுக்கு எங்கெங்கயோ இருந்து ஆளு வந்துச்சு, அதுல யாரும் குடுத்துருப்பாக. உங்க சம்சாரத்துக்கிட்டயே கேட்டீகளா?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். "அவ்வளவு பேசுற பொம்பளையாச்சே" என்றார். போனைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு வந்தேன்.

புரட்டாசியில் கொடி பூத்தது. வெளுத்த தந்த நிறத்தில் பூ; நடுவில் கருஞ்சிவப்பில் ஒரு பொட்டு. அந்த மாதம் அவள் மூன்று வேளையும் நடந்தாள். என்னைப் பிடித்துக்கொள்ளாமல் சுவரை மட்டும் தொட்டுக்கொண்டு போகப் பழகியிருந்தாள். பூவைத் தாவரவியல் அம்மாவிடம் கொண்டுபோனேன். நிறையப் புத்தகம் பார்த்தார், யாருக்கோ படம் அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து, மன்னித்துக்கொள்ளுங்கள், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றார். சொன்ன வாக்கை அவர் காப்பாற்றினார். மகளின் போன் நான்காவதாக ஒரு பேர் சொன்னது. அந்தப் பேரில் இருந்த படத்தை மனைவிக்குக் காட்டினேன். அவள் போனைத் தள்ளிவிட்டாள். சரி, பேர் போகிறது, விதை இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் அதைத்தான் என்னிடம் எதிர்பார்க்கிறாள் என்றும் தோன்றியது. ஏனென்றால் காய் விட ஆரம்பித்ததும் காயைத் தொட்டுக் காட்டி என்னைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன்.

இருபது காய்க்குக் குறையாமல் தொங்கின. ஐப்பசி பிறந்த முதல் வாரம், நன்றாக வெயில் அடித்த ஒரு மதியம், கொல்லையில் சடக்கென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு காய் முறுக்கிக்கொண்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. விதை தெறித்துவிட்டது.

தங்க வேலை செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய இடி இல்லை. எங்கள் பட்டறையில் அரத்தூள் காற்றில் போகக்கூடாது என்று மின்விசிறியைக்கூட வைத்துக்கொள்வதில்லை. கீழே விழுந்ததைக் குப்பையோடு கூட்டி வைத்து அரித்துத் தங்கம் எடுக்கிறவர்கள் நாங்கள். சேதாரம் என்று சொன்னாலே நகை கொடுத்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற பிழைப்பு. பட்டறைத் துடைப்பத்தையும் சல்லடையையும் எடுத்துக்கொண்டு போய்க் கொல்லை முழுக்கக் கூட்டி, மண்ணைச் சலித்தேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து விதை கிடைத்தது. பாதி வெள்ளை, பாதி அரக்கு நிறம். குன்றிமணியைவிட இரண்டு மடங்கு பெரிசு, நல்ல கனம், நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. உள்ளங்கையில் வைத்து அவளிடம் காட்டினேன். ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப என் கையிலேயே வைத்தாள். என் விரல்களை மடக்கிவிட்டாள்.

அன்று சாயங்காலமே வானம் கறுத்தது. டிவியில் மழை, மழை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். காய்கள் அழுகிவிடும், இல்லாவிட்டால் ஒவ்வொன்றாக வெடித்துத் தெருச்சாக்கடைக்குப் போய்விடும் என்று என் புத்தி ஓடியது. மறுநாள் காலை அத்தனை காயையும் பறித்தேன். நாலைந்துதான் மஞ்சளித்திருந்தன, மற்றதெல்லாம் பச்சை. பறிக்கும்போது அவள் இடது கையைத் தூக்கி ஏதோ சத்தம் எழுப்பினாள். இதுவரை அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்ததில்லை. சந்தோஷம் என்று நினைத்தேன். "பத்திரமா வைக்கிறேன், நீ கவலைப்படாத" என்றேன்.

பிறகு நான் செய்ததை எந்த விவசாயியும் செய்யமாட்டான். ஒரு பத்தன்தான் செய்வான். காயை உரித்து விதைகளைப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். நகையைக் கழுவுகிற மாதிரி பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுப் பிசுக்குப் போகக் கழுவினேன். துணியில் ஒற்றினேன். பளபளவென்று இருந்தன. நகை மடிக்கிற ரோஸ் காகிதத்தில் மடித்து, காற்றுப் போகாமல் அழுத்தி மூடுகிற பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை ஒரு தகர டப்பாவில் வைத்து, டப்பாவைப் பீரோவில் உள்ளறையில் வைத்துப் பூட்டினேன். மண்ணில் சலித்து எடுத்த அந்த ஐந்தையும், தனியாக வைத்தால் தொலைந்துவிடும் என்று, அதே காகிதத்தில் சேர்த்து மடித்தேன். அறுபத்தெட்டு விதை. ஒன்றுகூடச் சேதாரம் இல்லை என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை.

மழை பெய்தது பெய்தபடி இருந்தது. கார்த்திகையில் கொடி கறுத்துச் சாய்ந்தது. அவள் அதைப் பார்த்து அழவில்லை. ஆண்டுக்கொடி என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் தினம் பீரோவைக் காட்ட ஆரம்பித்தாள். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டிப் பீரோவையே காட்டுவாள். அடைத்து வைத்த ஒன்று என்ன ஆகும் என்று தெரிந்தவளின் பதற்றம் அது என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் புரிந்தது வேறு. பீரோவில் அவள் நகை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்தது, அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளவேயில்லை. பெண்பிள்ளைதானே, கழுத்து வெறுமையாக இருப்பது உறுத்துகிறது என்று நினைத்தேன். சங்கிலியை எடுத்து மெருகு போட்டுக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டினேன். மறுபடியும் பீரோவைக் காட்டினாள். தோட்டைக் கொண்டுவந்தேன். வளையலைக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றாகப் போட்டுவிடப் போட்டுவிட அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கே என்று வேறு சொன்னேன்.

தை பிறந்ததும் விதைக்கலாம் என்று டப்பாவைத் திறந்தேன். திறக்கும்போதே வாடை வந்தது. ரோஸ் காகிதம் நனைந்து சாயம் இறங்கி, விதைகளோடு ஒட்டிப் பிசின் மாதிரி ஆகியிருந்தது. மேலே சாம்பல் நிறத்தில் பூசணம். பச்சையாகப் பறித்தவை தொட்டதும் நசுங்கின. அந்த நல்ல ஐந்தைச் சாமண இடுக்கியால் தேடித் தேடிப் பிரித்தேன். எது அந்த ஐந்து என்றே தெரியவில்லை. வேலை கற்றுக்கொண்ட நாளிலிருந்து யார் வீட்டுப் பொன்னையும் நான் கெடுத்ததில்லை. அவள் பொருளைக் கெடுத்துவிட்டேன். பட்டறையிலேயே உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதேன். உள்ளே அவளுக்குக் கேட்டிருக்கும்.

மறைக்க முடியாது. தட்டில் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். அவள் திட்டுகிற மாதிரி ஒரு பார்வையாவது பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. இடது கை விரலால் ஒவ்வொன்றாக உருட்டி, கொஞ்சம் கெட்டியாக இருந்த பதினொன்றை ஒதுக்கினாள். வெயிலில் காட்டினாள். நான் தொட்டியில் புது மண் போட்டு ஊன்றினேன். தினம் வந்து பார்த்தாள். ஒரு வாரம். இரண்டு வாரம். இருபதாம் நாள் அவளே விரலால் மண்ணைக் கிளறினாள். கறுத்த தோல் மட்டும் வந்தது. அதை மண்ணிலேயே போட்டு மூடிவிட்டு, திரும்பி நடந்து வந்து கட்டிலில் படுத்தாள்.

மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பயிற்சிப் பெண் வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பன்னிரண்டு நாள் இப்படிப் போயிற்று. கால் மறுபடியும் கனக்க ஆரம்பித்திருந்தது. கழிப்பறைக்குக்கூட நான் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கையைப் பிசைந்துகொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? பதின்மூன்றாம் நாள் நான் அந்த நர்சரிக்குப் போனேன். நாட்டு அவரைக் கன்று ஒன்று வாங்கினேன். அவள் மதியம் தூங்கும்போது தொட்டியில் நட்டு, வேரடி மண் புதுசாகத் தெரியாமல் இருக்க மேலே பழைய சருகு போட்டேன். மறுநாள் காலையில் அவள் காதருகில் குனிந்து, "ஒண்ணு தப்பிச்சு முளைச்சிருச்சு. வந்து பாரு" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எழுந்தாள். நடந்தாள். துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இலையின் அடிப்பக்கத்தை இரண்டு விரலால் தேய்த்து, விரலை முகர்ந்து பார்த்தாள்.

என் வேலையில் தினமும் நடக்கிற ஒன்று இது. தங்கம் என்று நம்பி ஒருத்தர் கொண்டுவருவார். உரைகல்லில் ஒரு கோடு இழுத்ததுமே எனக்குத் தெரிந்துவிடும், கவரிங். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பேன். அன்றைக்குக் கொல்லையில் அவள்தான் யோசித்தாள். நான்தான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு கையை நீட்டிச் சொம்பைக் கேட்டாள். தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் நான் கூப்பிடாமலே எழுந்தாள். இப்போது பங்குனியும் முடியப்போகிறது. அவரை கயிற்றைத் தாண்டி ஓட்டில் ஏறிவிட்டது. தினம் இரண்டு வேளை போய்த் தண்ணீர் ஊற்றுகிறாள். இலையைத் தடவுவதில்லை, துவைக்கிற கல்லில் உட்காருவதும் இல்லை. ஊற்றிவிட்டு நிமிர்ந்து, கொடியைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறாள். நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று பார்க்கிறாள். நான் சிரிக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டுதான் திரும்பி நடக்கிறாள், காலை இழுத்து இழுத்து, இருபத்திரண்டு எட்டும். அவள் எனக்காக நடக்கிறாள். அது எனக்குத் தெரியும். வேண்டாம், போய்ப் படு என்று ஒரு வார்த்தை சொல்லலாம், உண்மையைச் சொல்லி மன்னிப்பும் கேட்கலாம். சொல்லிவிட்டால் நாளைக்கு எழுந்திருப்பாளா என்று பயமாக இருக்கிறது. அதனால் காலையில் நானே சொம்பில் தண்ணீர் மொண்டு வைத்துவிட்டு, சிரித்த முகமாகக் கொல்லைக்கதவில் நிற்கிறேன்.